டிஎஸ்எல்ஆர் வான்படம்: இரண்டு எக்ஸ்போஷருக்கு நடுவே எவ்வளவு இடைவெளி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மங்கலான ஒரு நெபுலாவையோ விண்மீன் திரளையோ டிஎஸ்எல்ஆரில் எடுக்கும்போது ஷட்டரை ஒரே மூச்சில் மணிக்கணக்காகத் திறந்து வைப்பதில்லை. 60, 120, 180 நொடி என்று பல எக்ஸ்போஷர்களை வரிசையாக எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். இந்த வரிசையை ஓட்டுவது கேமராவில் செருகும் இன்டர்வலோமீட்டர், அல்லது கேமராவுக்குள்ளேயே இருக்கும் இடைவெளி டைமர். எக்ஸ்போஷர் எவ்வளவு என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள்கூட இடைவெளி எண்ணை யாரோ சொன்னபடி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுகிறார்கள். காலையில் பார்த்தால் பாதிப் படங்கள் இருக்காது. எல்லாப் படங்களும் இருந்தாலும்கூட நல்ல வானத்தில் கால் மணி நேரம் வீணாகியிருக்கும்.

கீழே வரும் கணக்குகளுக்கு 18 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சரை எடுத்துக்கொண்டிருக்கிறோம். கேனன் 1300டி போன்ற கேமரா; பிக்சல் அளவு 4.3 மைக்ரான். உங்கள் கேமரா வேறாக இருந்தால் எண்கள் கொஞ்சம் மாறும், முறை மாறாது.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எத்தனை நொடி வைப்பது?

வானத்தின் சுழற்சிக்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் டிராக்கரில் வைத்து, டிதரிங் (படங்களுக்கு நடுவே கேமராவின் பார்வையைச் சற்றே நகர்த்துவது; விளக்கம் பின்னால் வரும்) எதுவும் இல்லாமல் எடுத்தால் 2 நொடி போதும். நட்சத்திரத் தடங்களுக்கும் எரிகல் மழைக்கும் 1 நொடி, அதாவது கருவி அனுமதிக்கும் மிகக் குறைந்த இடைவெளி. ஒவ்வொரு படத்துக்கும் டிதரிங் செய்தால் மவுண்ட் (கேமராவைத் தாங்கித் திருப்பும் அமைப்பு) நிலைகொள்ளும் நேரத்தையும் சேர்த்து 15 முதல் 30 நொடி. இவை ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு நடுவே உள்ள சும்மா இருக்கும் நேரம். உங்கள் கருவியில் தட்ட வேண்டிய எண் இதுவேதான் என்று இல்லை. அடுத்த கேள்வியைப் படிக்காமல் வெளியே போகாதீர்கள்.

இன்டர்வலோமீட்டரில் "இன்டர்வல்" என்று இருப்பது எதை எண்ணுகிறது?

குழப்பத்தின் மூல காரணமே இதுதான். கருவியில் பொதுவாக நான்கு எண்கள் இருக்கும். "டிலே" என்பது முதல் படத்துக்கு முன் காத்திருக்கும் நேரம். "லாங்" அல்லது "பல்ப்" என்பது ஷட்டர் திறந்திருக்கும் நேரம். "என்" (N) என்பது படங்களின் எண்ணிக்கை. நான்காவதான "இன்டர்வல்" மட்டும் கருவிக்குக் கருவி வேறு பொருளில் வேலை செய்கிறது.

முதல் வகையில் அது ஒரு படத்தின் தொடக்கத்திலிருந்து அடுத்த படத்தின் தொடக்கம் வரை உள்ள நேரம். கேனனின் டிசி-80என்3 டைமர் ரிமோட் இப்படித்தான் எண்ணுகிறது. நிக்கான் டிஎஸ்எல்ஆர்களின் உள்டைமரும் இதே வகை. இதில் 120 நொடி எக்ஸ்போஷரும் 2 நொடி ஓய்வும் வேண்டுமென்றால் 122 என்று வைக்க வேண்டும். வெறும் 2 என்று வைத்தால் வரிசை ஓடாது, அல்லது தாறுமாறாக ஓடும்.

இரண்டாவது வகையில் அது ஒரு படத்தின் முடிவிலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை உள்ள நேரம். விலை குறைந்த கருவிகளில் இந்த வகையும் உண்டு, முதல் வகையும் உண்டு. பார்ப்பதற்கு அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் இரண்டு கருவிகள் வேறு வேறு விதமாக எண்ணலாம். இந்த வகையில் 122 என்று வைத்தால் ஒவ்வொரு 2 நிமிடப் படத்துக்கும் 2 நிமிடம் சும்மா போகும். இரவில் பாதி போச்சு.

கையேட்டை நம்ப வேண்டாம். பகலில் வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். கேமராவை பல்ப் மோடில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் நிலை) வைத்து, லென்ஸ் மூடியைப் போட்டு, டிலே 2, லாங் 10, இன்டர்வல் 15, என் 3 என்று வைத்துத் தொடங்குங்கள். கைபேசி ஸ்டாப்வாட்சில் ஷட்டர் திறக்கும் ஒலியிலிருந்து அடுத்து திறக்கும் ஒலி வரை அளந்து பாருங்கள். 15 நொடி என்றால் முதல் வகை. 25 நொடி என்றால் இரண்டாவது வகை. விடையை ஒரு சிறு ஒட்டுத்தாளில் எழுதிக் கருவியின் முதுகிலேயே ஒட்டிவிடுவது நல்லது. நள்ளிரவில், சிவப்பு விளக்கு வெளிச்சத்தில், இதெல்லாம் நினைவில் நிற்காது.

30 நொடி எக்ஸ்போஷர், 31 நொடி இன்டர்வல் வைத்தேன். எதிர்பார்த்ததில் பாதிப் படங்கள்தான் இருக்கின்றன. ஏன்?

கேமராவில் "30 நொடி" என்று காட்டும் ஷட்டர் வேகம் உண்மையில் 32 நொடி. ஷட்டர் வேகங்கள் 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டிப்பாகப் போகின்றன. திரையில் மட்டும் 15, 30 என்று முழுமைப்படுத்திக் காட்டுகிறார்கள். 15 என்று காட்டுவதும் 16 நொடிதான்.

தொடக்கத்திலிருந்து தொடக்கம் எண்ணும் டைமரில் 31 வைத்தால், 31-ஆவது நொடியில் கட்டளை வரும்போது ஷட்டர் இன்னும் திறந்தே இருக்கும். கேமரா அந்தக் கட்டளையைக் கண்டுகொள்ளாது. அடுத்தது 62-ஆவது நொடியில்தான். ஆக ஒன்று விட்டு ஒன்று எடுக்கிறது. 34 என்று வைத்தால் சிக்கல் தீரும். 33-லும் பெரும்பாலும் ஓடும், ஆனால் ஒரு நொடி மிச்சம் பிடிக்கப் போய் வரிசையைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

பல்ப் மோடில் இந்தத் தொல்லை கிடையாது. இன்டர்வலோமீட்டர் 30 நொடி அழுத்திப் பிடித்தால் 30 நொடிதான்.

சென்சர் சூடாகிறதே, ஆறுவதற்கு ஒரு நிமிடம் விட வேண்டாமா?

வேண்டாம். பரவலாகச் சொல்லப்படும் ஆலோசனை என்பதால் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

சென்சர் சூடானால் வெப்பத்தால் உண்டாகும் மின்னோட்டம் கூடுகிறது. அதனால் இரைச்சல் கூடுகிறது. ஏறக்குறைய 6 டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் இந்த மின்னோட்டம் இரட்டிப்பாகும். நீண்ட எக்ஸ்போஷர்களை வரிசையாக எடுக்கும்போது சென்சர் முதல் 20, 30 நிமிடம் சூடேறி, பிறகு காற்றைவிடச் சில டிகிரி மேலே ஒரு நிலைக்கு வந்து நின்றுவிடும். அதற்கு மேல் ஏறிக்கொண்டே போகாது.

120 நொடி எக்ஸ்போஷருக்கு 60 நொடி ஓய்வு விடுகிறீர்கள், அதனால் சென்சர் 3 டிகிரி குளிர்ச்சியாக இருக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். வெப்ப மின்னோட்டம் 0.71 மடங்காகக் குறையும். ஆனால் நீங்கள் சேர்க்கும் ஒளி 0.67 மடங்காகக் குறைந்துவிட்டது. படத்தில் உள்ள இரைச்சல் மொத்தமும் வெப்பத்தால் மட்டுமே வருகிறது என்று வைத்துக்கொண்டாலும், சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 3 சதவீதம் குறைகிறது. நிஜத்தில் ஊர் வெளிச்சமும் வான வெளிச்சமும் தரும் இரைச்சல்தான் பெரும்பங்கு. அதை ஓய்வு குறைப்பதில்லை. இழந்த ஒளி மட்டும் முழுதாக இழப்பாகிறது. ஓய்வுக்காக இடைவெளி விடுவது எப்படிப் பார்த்தாலும் நஷ்டம்.

சூட்டைக் குறைக்க வேறு வழிகள் உண்டு. ஃபோகஸ் முடிந்ததும் லைவ் வியூவை அணையுங்கள். சென்சரைத் தொடர்ந்து ஓட்டிச் சூடாக்குவதில் அதற்கு ஈடில்லை. எடுத்த படத்தைத் திரையில் காட்டுவதை நிறுத்துங்கள். மடக்குத் திரை இருந்தால் உடம்பிலிருந்து விரித்து வையுங்கள், முதுகு வழியே வெப்பம் வெளியேறும். கேனன் ரா ஃபைல்களில் கேமராவின் உள்வெப்பம் பதிவாகியிருக்கும். படத்தோடு பதிவான விவரங்களைக் காட்டும் எக்சிஃப்டூல் மென்பொருளில் திறந்து, முதல் படத்துக்கும் முப்பதாவது படத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் உங்கள் கேமராவின் போக்கு தெரிந்துவிடும்.

5 நொடி இடைவெளியால் அப்படி என்ன குடி முழுகிவிடும்?

எக்ஸ்போஷர் எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்தது. 300 நொடிக்கு 5 நொடி என்றால் இழப்பு 1.6 சதவீதம், பொருட்படுத்த வேண்டாம். 120 நொடிக்கு 4 சதவீதம். 60 நொடிக்கு 7.7 சதவீதம். 30 நொடிக்கு 14 சதவீதம்: ஒரு மணி நேரம் வெளியே நின்றால் 51 நிமிட ஒளிதான் கையில். ஓரியன் நெபுலாவின் மையம் வெளிறிப் போகாமலிருக்க 5 நொடிப் படங்கள் எடுக்கும்போதும் அதே 5 நொடி இடைவெளியை விட்டால் நேரத்தில் பாதி காலி. எக்ஸ்போஷர் சுருங்கச் சுருங்க இடைவெளியை இறுக்க வேண்டும்.

மெமரி கார்டில் எழுத நேரம் வேண்டாமா?

25 எம்பி ரா ஃபைல் ஒன்றைச் சுமாரான கார்டும் ஒன்றிரண்டு நொடியில் எழுதிவிடும். மேலும், கேமராவின் உள்நினைவகத்தில் படம் இருக்கும்போதே அடுத்த எக்ஸ்போஷர் தொடங்கலாம். எழுதும் வேலை பின்னணியில் நடக்கும். இதற்காக 1 நொடிக்கு மேல் ஒதுக்க வேண்டியதில்லை. ரா ஃபைலோடு ஜேபெக்கும் சேர்த்துப் பதிய வேண்டாம், அவ்வளவுதான்.

கேமராவில் உள்ள நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பை ஆன் செய்து வைக்கலாமா?

அடுக்கி எடுப்பதற்கு ஆஃப். அது ஆன் ஆகியிருந்தால் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கேமரா ஷட்டரை மூடிக்கொண்டு, அதே நீளத்துக்கு ஓர் இருட்டுப் படம் எடுத்துக் கழிக்கும். 120 நொடிப் படத்துக்கு மேலும் 120 நொடி. அந்த நேரத்தில் வரும் கட்டளைகள் எல்லாம் வீண். திரையில் "பிஸி" என்று காட்டுவதும், வரிசையில் ஒன்று விட்டு ஒன்று காணாமல் போவதும் இதனால்தான். அந்த வேலையை வரிசையின் முடிவில் நீங்களே டார்க் ஃபிரேம் எடுத்துச் செய்யலாம். இருபது, முப்பது டார்க்குகளின் சராசரியைக் கழிப்பது கேமரா ஒற்றை டார்க்கைக் கழிப்பதைவிடச் சுத்தமாகவும் இருக்கும்.

இது வேறு, "உயர் ஐஎஸ்ஓ இரைச்சல் குறைப்பு" வேறு. பின்னது ஜேபெக்குக்கானது, இடைவெளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கண்ணாடி அதிர்வு அடங்க மிரர் லாக்-அப் போட்டால் இடைவெளியை எப்படி வைப்பது?

கேனனில் மிரர் லாக்-அப் போட்டால் முதல் அழுத்தல் கண்ணாடியை மேலே தூக்கும், இரண்டாவது அழுத்தல்தான் படம் எடுக்கும். இன்டர்வலோமீட்டருக்கு இது தெரியாது. "என்" 30 என்று வைத்தால் 15 படம்கூடத் தேறாமல் போகலாம், ஏனென்றால் மேலே போன கண்ணாடி 30 நொடியில் தானாக இறங்கிவிடும்.

வேண்டுமென்றே செய்வதானால் 2 நொடி செல்ஃப் டைமரையும் சேர்த்துப் போடுங்கள். அப்போது ஒரே அழுத்தலில் கண்ணாடி ஏறி, 2 நொடி கழித்து ஷட்டர் திறக்கும். ஆனால் பல்ப் மோடில் அந்த 2 நொடியும் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ஆகவே 60 நொடிப் படத்துக்கு "லாங்" 62. நிக்கானில் எக்ஸ்போஷர் டிலே மோடு இதே வேலையைச் செய்யும். தொடக்கத்திலிருந்து தொடக்கம் எண்ணும் டைமரில் அந்தத் தாமதத்தையும் இன்டர்வலில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

எங்கள் கருத்து: 30 நொடிக்கு மேற்பட்ட எக்ஸ்போஷர்களுக்கு இது தேவையே இல்லை. கண்ணாடியின் அதிர்வு ஒரு நொடிக்குள் அடங்கிவிடும். 120 நொடிப் படத்தில் ஒரு நொடி என்பது ஒளியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. நிலா, கோள்கள் என்று குறுகிய எக்ஸ்போஷர்களுக்குத்தான் மிரர் லாக்-அப் அருமை.

டிதரிங் செய்தால் இடைவெளி எவ்வளவு? எதற்காக அவ்வளவு?

இடைவெளியை மனமாரச் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் இதுதான்.

டிஎஸ்எல்ஆர் சென்சரில் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு குணம் உண்டு. ஒரு பிக்சல் எப்போதும் சற்று வெளிச்சமாக இருக்கும், இன்னொன்று சிவப்பை அதிகம் காட்டும். துருவ நேர்த்தி (மவுண்டின் அச்சை வான் துருவத்தை நோக்கி வைப்பது) சற்றே பிசகியிருந்தால் நட்சத்திரங்கள் படத்துக்குப் படம் ஒரே திசையில் மெல்ல நகரும். அடுக்கும்போது நட்சத்திரங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்துகிறோம். பிக்சல் குறைகள் எதிர்த்திசையில் இழுபட்டுக் கோடு கோடாகத் தெரியும். பின்னணியில் சாய்வாக மழைக்கோடு போல வருவது இதுதான். எத்தனை டார்க் எடுத்தாலும் முழுதாகப் போகாது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 6 முதல் 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. மரமோ மலையோ புகைமூட்டமோ மறைத்துவிடுவதால் நேர்த்தி பிசகுவது சகஜம். ஆகவே நமக்கு இந்தக் கோடுகள் கூடுதலாகவே வரும்.

டிதரிங் என்பது படங்களுக்கு நடுவே மவுண்டைக் கொஞ்சம் தற்போக்கான திசையில் நகர்த்துவது. குறைகள் சிதறிவிடும்; அடுக்கும் மென்பொருள் அவற்றைத் தனித்தெரியும் புள்ளிகளாகக் கண்டு நீக்கும். டிஎஸ்எல்ஆருக்கு ஒன்றிரண்டு பிக்சல் நகர்த்தல் போதாது, பத்துப் பிக்சலாவது வேண்டும்.

கணக்கு இப்படி. ஒரு பிக்சல் பார்க்கும் வானத்தின் அளவை ஆர்க்நொடியில் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) பெற, பிக்சல் மைக்ரானை 206-ஆல் பெருக்கி, ஃபோகல் நீளம் மில்லிமீட்டரால் வகுக்க வேண்டும். 200 மிமீ லென்சில் 4.3 மைக்ரான் பிக்சல் 4.4 ஆர்க்நொடி. பத்துப் பிக்சல் 44 ஆர்க்நொடி. ஒரு நட்சத்திரத்தைக் கண்காணித்து மவுண்டைத் திருத்தும் கைடரில் கைடு கேமரா 3.75 மைக்ரான், அது பார்க்கும் சிறு தொலைநோக்கியான கைடு ஸ்கோப் 120 மிமீ என்றால் அதில் ஒரு பிக்சல் 6.4 ஆர்க்நொடி. ஆகவே கைடு மென்பொருளில் டிதர் அளவு ஏறக்குறைய 7 பிக்சல் வர வேண்டும். பலரும் இங்கே 1 அல்லது 2 என்று விட்டுவிட்டு, டிதரிங் செய்தும் கோடுகள் போகவில்லையே என்று வருந்துகிறார்கள்.

நகர்ந்த பிறகு மவுண்ட் நிலைகொள்ள நேரம் வேண்டும். பிஎச்டி2 என்ற கைடு மென்பொருளில் "1.5 பிக்சலுக்குள் 10 நொடி நிலைத்திருந்தால் சரி, 60 நொடிக்கு மேல் காத்திருக்காதே" என்பதுபோல ஒரு நிபந்தனை வைப்போம். அந்த 1.5 என்பது கைடு கேமராவின் பிக்சல். மேலே சொன்ன கைடு அமைப்பில் அது 9.7 ஆர்க்நொடி, 200 மிமீ லென்சில் படத்தின் 2 பிக்சல், பெரிதாகத் தெரியாது. அதே கைடரை 600 மிமீ தொலைநோக்கியில் வைத்தால் 6 பிக்சலுக்கு மேல்; படத்தின் தொடக்கத்தில் நட்சத்திரம் வால் விடும். 600 மிமீ-க்கு அந்த எல்லையை 0.3 பிக்சலுக்கு இறக்குங்கள், காத்திருக்கும் நேரம் கூடினாலும் சரி. குறிப்பாக டெக்ளினேஷன் (வடக்கு-தெற்கு) அச்சின் கியர்களில் தொய்வு இருந்தால் திசை மாறும்போது சில நொடிகள் மவுண்ட் நகரவே நகராது.

ஒவ்வொரு படத்துக்கும் டிதர் செய்ய வேண்டுமா என்றால், 180 நொடிக்கு மேற்பட்ட படங்களுக்கு ஆம். 60 நொடிப் படங்களுக்கு மூன்று, நான்கு படத்துக்கு ஒருமுறை போதும். மொத்தத்தில் பதினைந்து, இருபது டிதராவது அமைய வேண்டும் என்பதே நோக்கம்.

கைடரும் லேப்டாப்பும் இல்லை, வெறும் டிராக்கர்தான். டிதரிங் முடியாதா?

முடியும், கையால். "என்" என்பதை 10 என்று வையுங்கள். பத்துப் படம் முடிந்து கருவி நின்றதும் மவுண்டை லேசாக நகர்த்தி, அதிர்வு அடங்கப் பத்து நொடி பொறுத்து, மறுபடி தொடங்குங்கள். கைக்கட்டுப்பாட்டுக் கருவி இருந்தால் நட்சத்திரங்கள் நகரும் வேகத்தில் 0.5 மடங்காக வைத்து 6 நொடி அழுத்தினால் 45 ஆர்க்நொடி. 200 மிமீ-இல் பத்துப் பிக்சல். டிராக்கரில் பொத்தான் மட்டும் என்றால் ஒரு சின்னத் தட்டல். ஸ்டார் அட்வென்ச்சரர் 2ஐ போன்றவை ஓர் அச்சில் மட்டும் ஓடுபவை. மற்றோர் அச்சுக்கு டெக்ளினேஷன் தாங்கியின் திருகை ஒரு மயிரிழை திருப்பலாம். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் தள்ளாதீர்கள். அப்படிச் செய்தால் மறுபடி கோடுதான்.

நட்சத்திரத் தடங்களில் கோடு விட்டு விட்டு மணிமாலை மாதிரி வருகிறது. எப்படித் தவிர்ப்பது?

வான நடுக்கோட்டருகே நட்சத்திரம் நொடிக்கு 15 ஆர்க்நொடி நகர்கிறது. 24 மிமீ லென்சில் ஒரு பிக்சல் 37 ஆர்க்நொடி. ஒரு நொடி இடைவெளி அரைப் பிக்சலுக்கும் குறைவு, கண்ணுக்குத் தெரியாது. 5 நொடி விட்டால் 2 பிக்சல் ஓட்டை; பெரிதாக்கினால் தெரிந்துவிடும். 200 மிமீ-இல் ஒரு நொடியே மூன்று பிக்சலைத் தாண்டும். துருவத்தருகே நகர்வு குறைவு என்பதால் அங்கே ஓட்டைகளும் சிறியவை.

மிகச் சிறந்த வழியில் இன்டர்வலோமீட்டரின் எண்களே தேவையில்லை. கேமராவை எம் (மேனுவல்) மோடில் 30 நொடி, தொடர் ஷூட்டிங் என்று வைத்து, ரிமோட்டின் பொத்தானை அழுத்திப் பூட்டிவிடுங்கள். ஒரு படம் மூடியவுடன் அடுத்தது திறக்கும். டிசம்பர் 13, 14 இரவுகளில் உச்சமாகும் ஜெமினிட் எரிகல் மழைக்கும் இதே அமைப்புதான். 15 நொடிப் படத்துக்கு 5 நொடி இடைவெளி விட்டால் நேரத்தில் கால்பங்கு கேமரா கண்ணை மூடியிருக்கும், நல்ல எரிகல் ஒன்று அப்போதுதான் போகும்.

எல்லாம் சரியாக வைத்தும் படம் எடுக்கவில்லை, அல்லது நேரம் தவறாக வருகிறது. எதைப் பார்ப்பது?

எல்லாப் படமும் ஒரு நொடிக்கும் குறைவாக வருகிறதென்றால் "லாங்" பூஜ்யமாக இருக்கிறது. எல்லாம் 30 நொடியோடு நின்றால் கேமரா பல்ப் மோடில் இல்லை, எம் மோடில் இருக்கிறது. ஒரு கட்டளைக்கு மூன்று, நான்கு படம் வந்தால் தொடர் ஷூட்டிங் ஆன் ஆகியிருக்கிறது. "லாங்" எண் முடியும்வரை கேமரா சுட்டுக்கொண்டே இருக்கும்.

தொடங்கவே மறுத்தால் முதலில் லென்சின் ஆட்டோஃபோகஸ் சுவிட்சைப் பாருங்கள். இருட்டில் ஃபோகஸ் கிடைக்காமல் கேமரா ஷட்டரைத் திறக்காது. அடுத்து பிளக். கேனனின் கீழ்நிலை மாதிரிகளில் அது 2.5 மிமீ ஸ்டீரியோ பிளக். நுனி ஷட்டருக்கு, நடு வளையம் அரை அழுத்தலுக்கு. முழுதாக உள்ளே போகாவிட்டால் தொடர்பு மாறிப்போகும். தொலைநோக்கி சுழலும்போது கம்பி இழுபட்டும் இது நேரும். கம்பியை முக்காலியின் காலிலோ மவுண்டிலோ ஓரிடத்தில் கட்டிவிடுங்கள்.

நடுவில் நின்றுபோவதற்குத் தானியங்கி மின் அணைப்பு ஒரு காரணம். அது 30 நொடி என்று இருந்து, உங்கள் இடைவெளியும் அதைவிட நீளமாக இருந்தால் கேமரா தூங்கிவிடும்; அடுத்த கட்டளை அதை எழுப்புவதோடு சரி. மெனுவில் அணைப்பையே முடக்குங்கள். இன்னொரு காரணம் "என்". பல கருவிகளில் அது 399 வரைதான். அதற்கு மேல் போனால் வரும் இரட்டைக் கோடு எல்லையின்மையைக் குறிக்கும். நிக்கானின் உள்டைமர் பல்ப் வேகத்தோடு வேலை செய்யாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்; 30 நொடிக்கு மேல் வேண்டுமென்றால் வெளிக்கருவிதான்.

டார்க் எடுக்கும்போதும் இதே இடைவெளியா?

ஆம். டார்க்கின் நோக்கமே அதே ஐஎஸ்ஓ, அதே எக்ஸ்போஷர் நேரம், அதே சென்சர் வெப்பத்தில் இருக்கும் இரைச்சலைப் பதிவது. வானப் படங்களை 25 நொடி இடைவெளியில் எடுத்துவிட்டு டார்க்கை 1 நொடி இடைவெளியில் எடுத்தால் சென்சர் அதிகம் சூடாகி, டார்க் பொருந்தாமல் போகும். கழித்த பிறகு கருப்புப் புள்ளிகள் தெரியும். வரிசை முடிந்ததும் எதையும் மாற்றாமல் லென்ஸ் மூடியைப் போட்டு இன்னொருமுறை ஓட்டுங்கள். வியூஃபைண்டரையும் மூடுங்கள், அந்த வழியே வெளிச்சம் கசியும். பயாஸ் (மிகக் குறுகிய இருட்டுப் படம்), ஃபிளாட் (சீரான வெளிச்சத்தைப் பார்த்து எடுப்பது) படங்களுக்கு இடைவெளி முக்கியமில்லை.

ஓர் இரவுக்கு முழு அமைப்பைச் சொல்ல முடியுமா?

ஓரியன் நெபுலா, 200 மிமீ லென்ஸ், எஃப் 4, கைடர் இல்லாத டிராக்கர், நிலா இல்லாத வானம். ஜனவரி நடுவில் தமிழ்நாட்டில் இரவு 10 மணிக்குச் சற்றுப் பிறகு அது உச்சிக்கோட்டைக் கடக்கும். 11 டிகிரி அட்சரேகையில் அப்போது 74 டிகிரி உயரத்தில் இருக்கும். ஆகவே 9 மணிக்குத் தொடங்குவது வசதி.

பல்ப் மோடு, ஐஎஸ்ஓ 800, ரா மட்டும். ஒரு 60 நொடிப் படம் எடுத்து ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பாருங்கள். மேடு இடது விளிம்பை விட்டு விலகி, கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவே இருந்தால் சரி. வலப்பக்கம் ஏறியிருந்தால் ஊர் வெளிச்சம் அதிகம்; 40 நொடிக்கு இறக்குங்கள்.

லாங் 60, ஓய்வு 2 நொடி, அதாவது முதல் வகைக் கருவியில் இன்டர்வல் 62, இரண்டாவது வகையில் 2. என் 10. ஒரு சுற்றுக்கு 10 நிமிடம் 20 நொடி. பத்துச் சுற்று ஓட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே கையால் டிதர் செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் 100 நிமிட ஒளி சேரும். பிறகு மையப் பகுதிக்கு லாங் 5, ஓய்வு 2, என் 30. இது மூன்றரை நிமிடம்தான். கடைசியாக மூடியைப் போட்டு 60 நொடி டார்க் 25 படம், அதே 2 நொடி ஓய்வோடு. 26 நிமிடம் ஆகும், அதற்குள் மற்ற சாமான்களைக் கட்டி வைக்கலாம். பேட்டரியைச் சுற்றுகளுக்கு நடுவில் மட்டும் மாற்றுங்கள், மாற்றிய பின் நெபுலா நடுவில்தான் இருக்கிறதா என்று ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

லேப்டாப்பில் நீனா, ஏபிடி, பேக்யார்ட் இஓஎஸ் போன்ற மென்பொருள் வைத்து ஓட்டினால்?

அப்போது இடைவெளியை நீங்கள் ஊகிக்க வேண்டியதில்லை. படம் முடிந்ததும் மென்பொருள் ஃபைலை இறக்கி, டிதர் கட்டளை அனுப்பி, கைடர் "நிலைகொண்டாயிற்று" என்று சொன்ன பிறகே அடுத்ததைத் தொடங்கும். மென்பொருளில் தனியாக இடைவெளி கேட்கும் இடம் இருந்தால் பூஜ்யமோ ஒன்றோ போதும். அங்கேயும் 20 நொடி என்று வைத்துவிட்டால் நிலைகொண்ட பிறகும் வீணாகக் காத்திருக்கும். யுஎஸ்பி வழியே ஒவ்வொரு படமும் இறங்குவதற்கு ஐந்தாறு நொடிக்கு மேல் ஆனால் கம்பியை மாற்றிப் பாருங்கள். நீட்டிப்புக் கம்பிகள்தான் பெரும்பாலும் காரணம். அதற்குப் பிறகும் மெதுவாக இருந்தால் ஃபைல்களைக் கேமராவின் கார்டிலேயே சேமிக்கச் சொல்லுங்கள்.